படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கை வெக்கிறேன்

போளூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலூனில் அன்று காலை முகச்சவரத்துக்கு உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்துக்குக் கத்தி வரும் நேரத்தில் போன் அடித்தது. மலையிலிருந்து என் பழைய மாணவி பவித்ரா. "சார்... அலமேலு அத்தை இல்லீங்க சார்" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். "இன்னா உளர்ற? போன வாரம்தானே பேசினேன்!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் அழுகையை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சாமை அறுக்கப் போனவர் வரப்பில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நான் பாதி முகம் நுரையோடு எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். சவரக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார்.

அலமேலு அம்மாவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஜவ்வாது மலையில் சாமையும் புளியுமாகப் பிழைத்த குடும்பம். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டிப் பெயர் எழுதுவார், அவ்வளவுதான். அந்த அம்மாதான் அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த தாய் தகப்பனுக்குச் சட்டம் என்னென்ன உரிமை கொடுத்திருக்கிறது என்பதைக் குக்கிராமம் குக்கிராமமாகக் கொண்டுபோனவர். நான் அவர் ஊர் நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவன். அவர் முதன்முதலில் எதிர்த்து நின்றது என்னைத்தான். அதனால் இந்த அஞ்சலியை எழுத எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். இல்லை என்று யாராவது சொன்னாலும் எழுதத்தான் போகிறேன்.

மலைக்கு மாற்றல் வந்தபோது நான் சந்தோஷமாகப் போகவில்லை. போளூரில் காலை பஸ் பிடித்து, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி பார்த்து, பள்ளிக்குப் போய்ச் சேரப் பத்தரை ஆகும். பள்ளி ஆரம்பிக்கும் நேரம் பஸ்காரருக்குத் தெரியாது. ஐந்து ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் என்னையும் சேர்த்து இரண்டு பேர். பெற்றோர் யாராவது வந்தால் வாசல் கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். உள்ளே வாருங்கள் என்று நானும் சொன்னதில்லை. அப்படி நிற்பதுதான் மரியாதை என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், வெட்கக்கேடு.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. படிக்கும் பிள்ளையின் தாய் ஒருவர்தான் தலைவர். மாதாமாதம் கூடிப் பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. இது காகிதத்தில். எனக்கு முன்னால் இருந்தவர் கூட்டத்துக்கு ஒரு சுளுவான வழி வைத்திருந்தார், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். தீர்மானப் புத்தகத்தையும் மை டப்பாவையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விடுவேன். ஆண்களும் பெண்களும் மம்பட்டியைக் கீழே வைத்து, கட்டை விரலைத் துணியில் துடைத்து, வரிசையாக வந்து வெற்றுப் பக்கத்தில் கைநாட்டு வைப்பார்கள். தீர்மானத்தை நான் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வேன். 'இன்னா சார் இது?' என்று ஒரு வாய்கூடக் கேட்டதில்லை. சார் கொண்டுவந்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன்.

ஒருமுறை மேலிடத்திலிருந்து உத்தரவு, குழுத் தலைவர்களுக்கு ஜமுனாமரத்தூரில் ஒருநாள் பயிற்சி என்று. யாரையாவது அனுப்ப வேண்டுமே என்று அலமேலு அம்மாவை அனுப்பினேன். புத்தகத்தில் தலைவர் என்று எழுதியிருந்தது அவர் பெயர். அதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் காலை கேட்டுக்கு வந்தார். வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, வெற்றிலைச் சாற்றை ஒரு ஓரமாகத் துப்பிவிட்டு, "சார், நான் தலைவராமே? யாருக்குங்க சார் தலைவர்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எல்லாருக்கும்தான்" என்றேன். "உங்களுக்குமா?" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த மாதம் வழக்கம்போல மஞ்சப்பையோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். வரிசையில் முதல் ஆளாக அவர் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். "படிச்சுக் காட்டுங்க, அப்புறம் கை வெக்கிறேன்" என்றார். இன்னும் எழுதவில்லை என்றேன். "எழுதாததுல எப்படிங்க வெக்கிறது? வெதைக்காத கொல்லையில போய் அறுப்பு அறுக்கறதா?" பின்னால் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. சரி, எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அதற்கும் அவர் ஒப்பவில்லை. "நீங்க எழுதினத நீங்களே படிச்சா எங்களுக்கு இன்னா தெரியும்? இஸ்கூல் புள்ள ஒண்ணு படிக்கட்டும். புள்ள படிக்குதான்னும் பாத்தாப்பல இருக்கும், காயிதத்துல இன்னா கீதுன்னும் கேட்டாப்பல இருக்கும்."

"உனக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்று கத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். நின்று நிதானமாக, "சார், எங்கள நீ, வா, போன்னு பேசறீங்க. பேசிட்டுப் போங்க, பெரியவரு. எங்க புள்ளைங்க எதிர்ல மட்டும் வேணாம். அதுங்க அப்புறம் எங்கள மதிக்காது" என்றார். எனக்கு அப்போது இரண்டு பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் என்னை யாராவது ஒருமையில் பேசினால் நான் என்ன செய்திருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அன்றிலிருந்து அவரிடமாவது நீங்கள் என்றே பேசினேன். கோபம் மட்டும் குறையவில்லை.

இனி நான் சொல்லப்போவது பவித்ரா விஷயம். சாமை அறுப்பு முடிந்தால் மலையில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மேஸ்திரி வேன் கொண்டுவருவார், குடகுக் காபித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு ஏறிப் போவார்கள். பிள்ளைகளும் போகும். பவித்ராவுக்கு அப்போது பத்து வயது. அவள் அப்பா கோவிந்தன் வேனில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அங்கே போனேன். பிள்ளை மாதக்கணக்கில் வராவிட்டால் இடைநின்றவள் என்று பதிவேட்டில் காட்ட வேண்டும், மேலிடத்தில் என்னைக் கேள்வி கேட்பார்கள். அதற்குப் பயந்து ஒரு கடிதம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். "லீவு லெட்டர்தான், கைநாட்டு வை" என்றேன். கோவிந்தன் வைத்துவிட்டு, "பாத்துக்கங்க சார்" என்று கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினான். அது லீவு லெட்டர் இல்லை.

நான்கு மாதம் கழித்துத் திரும்பினார்கள். தோட்டத்தில் வேலை இன்னும் பாக்கி, பத்து நாளில் மேஸ்திரி மறுபடி வருவார். இந்தத் தடவை பெண்ணைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், அவள் படிக்கட்டும் என்று கோவிந்தன் முடிவு செய்திருந்தான். குளிப்பாட்டித் தலை வாரி அழைத்துவந்தான். நான் பதிவேட்டைப் பிரித்து, பெயர் நீக்கியாயிற்று, மாற்றுச் சான்றிதழ் இருந்தால் கொண்டுவா, இல்லாவிட்டால் ஜூனில் வா என்றேன். "சரிங்க சார்" என்று திரும்பிவிட்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜூன் வரைக்கும் பெண்ணைச் சும்மா உட்காரவைக்க எந்த வீட்டிலும் முடியாது. அவளும் வேனில் ஏறுவாள், கூடையை எடுப்பாள், அப்புறம் பள்ளிக்கூடம் ஏது? இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பதிவேட்டை மூடினேன்.

மறுநாள் அப்பனையும் மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலமேலு அம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அதற்கு முன் எந்தப் பெற்றோரும் உட்கார்ந்ததில்லை. "சார், வருஷத்துல எந்த நாள் வந்தாலும் புள்ளைய சேக்கணும். சர்ட்டிபிகேட் இல்லன்னு திருப்பி அனுப்பக் கூடாது. வயசுக்கு ஏத்த கிளாசுல ஒக்கார வெக்கணும். அன்னிக்கு மீட்டிங்ல சொன்னாங்க. நெசமா, பொய்யா?" எனக்குத் தெரியும், நிஜம். நான் விடவில்லை. "அவங்க அப்பனே எழுதிக் குடுத்திருக்கான் பேரை எடுக்கச் சொல்லி. கேளுங்க அவனை!" என்றேன்.

"எடுங்க அந்தக் காயிதத்த" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். படிக்க எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அவன் முதல் வரியைத் தாண்டவில்லை. நின்றான், விழித்தான், மறுபடி ஆரம்பித்தான். என் பள்ளியில் எட்டு வருஷம் உட்கார்ந்த பிள்ளை. எனக்கு மானம் போனது, கையை ஓங்கிவிட்டேன். அலமேலு அம்மா எழுந்து குறுக்கே நின்றார். "கை ஓங்காதீங்க சார். அடிக்கக் கூடாதுன்னும் சட்டத்துல கீது. அவனுக்குப் படிக்க வரலன்னா அது நம்ம ரெண்டு பேரு தப்பு. நீங்க சொல்லிக் குடுக்கல, நாங்க கேக்கல." அவர் 'நம்ம' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டதுதான் என்னை அடக்கியது.

காகிதத்தைப் பவித்ராவிடமே கொடுத்தார். "நீ படி கண்ணு, அவசரமில்ல." அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். "என்... மகள்... பவித்ராவை... உறவினர் ஊரில் உள்ள... பள்ளியில்... சேர்த்துவிட்டபடியால்... என் சொந்த விருப்பத்தின் பேரில்... அவள் பெயரை... நீக்கம் செய்யுமாறு..." அதற்கு மேல் படிக்காமல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கோவிந்தன் என்னைப் பார்த்தான். "சார், நான் இப்டிச் சொல்லவே இல்லீங்களே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தான்தான் ஏதோ தவறாகப் புரிந்துகொண்டதுபோலப் பயந்து சொன்னான். ஐயோ, அந்த முகம்! கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே பவித்ராவின் பெயரை ஐந்தாம் வகுப்பில் எழுதினேன். எழுதி முடிக்கும்வரை அலமேலு அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுதியதையும் அவளையே படித்துக் காட்டச் சொன்னார். போகும்போது கேட்டுக்கருகே நின்று, "சார், இத நான் ஊர்ல தமுக்கடிக்க மாட்டேன். ஆனா இனிமே இப்டி பண்ணாதீங்க" என்றார். ஊரில் யாருக்கும் தெரியாமலேதான் இருந்தது. என்னை மாட்டிவிட அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. அவர் செய்யவில்லை. பிள்ளைக்கு வகுப்பறையில் இடம் கிடைத்ததும் அவர் வேலை முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். நூறு நாள் வேலையில் தண்ணீர் குடிக்க உட்காரும் நேரம், சந்தை நாளில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரம், அவருக்கு அதுதான் பாட நேரம். பயிற்சியில் கொடுத்த சின்னப் புத்தகம் எப்போதும் இடுப்புச் சுருக்குப் பையில் மடங்கியே இருக்கும். எங்கே போனாலும் அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றைப் பிடித்து ஒரு பக்கம் படிக்கச் சொல்வார். ஒரு பக்கம்தான். ஏன் அம்மா, முழுவதும் சொல்லிவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு தடவைக்கு ஒண்ணு சார். ரெண்டு சொன்னா ரெண்டும் மறந்துடும். எனக்கே மறந்துடுது" என்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்பது ஒரு ஊருக்கு. கூட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்பது ஒரு ஊருக்கு. அடுத்த தடவை போகும்போது முதலில் பழையதைக் கேட்பார், யாராவது சொன்னால்தான் புதியது.

அவர் ஒருமுறை தவறாகச் சொல்லியும் இருக்கிறார். பள்ளியில் சேர்க்க எந்தச் சான்றிதழும் கேட்கக் கூடாது என்பதை, சாதிச் சான்றிதழே வாங்க வேண்டியதில்லை என்று மூன்று ஊரில் சொல்லிவிட்டார். மலைவாசிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பிலும் உதவித்தொகையிலும் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. நான்தான் கண்டுபிடித்துச் சொன்னேன், ஒளிப்பானேன், கொஞ்சம் குஷியாகவே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுநாள் யாரையாவது சொல்லி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "தப்பா சொன்ன வாயிதான் சார் போய் சரியா சொல்லணும்" என்று மழையில் கிளம்பிவிட்டார். மூன்று ஊரிலும் வீடு வீடாக நின்று, "நான் சொன்னது தப்புங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். என் தப்பைப் பதிவேட்டில் திருத்த ஒரு பேனா போதுமாயிருந்த எனக்கு அதைப் பார்த்து வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவர் ஆசிரியர்களுக்கு எதிரி என்று மலைக்குக் கீழே சிலர் பேசினார்கள். என்னிடமும் ஒருவர், "அந்தப் பொம்பளைகிட்ட எப்படி சார் காலம் தள்றீங்க?" என்று கேட்டார். அவருக்கு இதைச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கு இன்னும் ஆசிரியர் வேண்டும் என்று நான் எழுதிய மனுக்கள் எங்கே போயினவோ தெரியாது. அலமேலு அம்மா பெற்றோர் கைநாட்டோடு ஒரு மனு தயாரித்து, அதையும் பவித்ரா படித்துக் காட்டிய பிறகே கை வைக்கவைத்து, திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குத் திருவண்ணாமலை போனார். அதிகாரி முன்னால் நின்று, "எங்க சார் பஸ்ல வர்றாரு, வாந்தி எடுத்துக்கினே வர்றாரு, எத்தினி கிளாசுக்குத்தான் அந்த மனுஷன் ஓடுவாரு? அவரும் மனுஷன்தானேங்க" என்றாராம். வாந்தி விஷயத்தை மாவட்டத் தலைநகர் வரைக்கும் கொண்டுபோனதற்கு நான் கோபித்துக்கொண்டேன். இரண்டு ஆசிரியர்கள் வந்தார்கள். அதற்குள் எட்டாம் வகுப்பில் நின்று விழித்த அந்தப் பையனும் மாலையில் தங்கிப் படித்து, செய்தித்தாள் வாசிக்கும் அளவுக்குத் தேறியிருந்தான்.

நான் ஓய்வு பெற்ற நாளில் குழு ஒரு பாராட்டுத் தீர்மானம் போட்டது. வழக்கப்படி ஒரு பிள்ளை படித்தது. "மலை மக்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதில் ஓயாது பாடுபட்டவர்" என்ற வரி வந்ததும் அலமேலு அம்மா என்னைப் பார்த்தார். கண்ணில் அத்தனை குறும்பு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எழுதுங்க, எழுதுங்க. பின்னால பாடுபட்டாரு இல்ல" என்று சொல்லிவிட்டு, பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டார். முதலில் தலைவர் ஆனபோது கைநாட்டு, அப்போது கையெழுத்து.

அவரை அடக்கம் செய்த அன்று மலைக்குப் போனேன். அரை முகத் தாடியோடுதான் போனேன். எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து அழுதார்கள். "எம் புள்ள காலேஜு போவுது, இந்த மகராசியாலதான்" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கோவிந்தன் ஒரு ஓரத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் நான் இத்தனை வருஷத்தில் மன்னிப்புக் கேட்டதில்லை. அங்கேதான் கேட்டேன். "அத உடுங்க சார்" என்றான்.

காரியத்தன்று படம் திறக்கும்போது வாசிக்க ஓர் அஞ்சலி எழுதித் தரும்படி குழுவினர் என்னிடம் கேட்டார்கள். எழுதினேன். பவித்ரா இப்போது திருவண்ணாமலையில் கல்லூரியில் படிக்கிறாள். கையெழுத்துப் போடுவதற்குமுன் அவளைப் படித்துக் காட்டச் சொன்னேன். பாதிவரை நன்றாகப் படித்தாள். "தோட்டத்திலிருந்து திரும்பிய மாணவி ஒருத்தியை அலமேலு அம்மாவின் துணையோடு நான் பள்ளியில் மீண்டும் சேர்த்துக்கொண்டேன்" என்ற வரியில் நின்றாள். மறுபடி ஒருமுறை அதே வரியைப் படித்தாள். பிறகு மெதுவாக, "சார், அப்பா கைநாட்டு வெச்ச காயிதத்தப் பத்தி இதுல ஒண்ணும் இல்லீங்களே" என்றாள்.

அந்தத் தாளைக் கிழித்தேன். மறுபடி உட்கார்ந்து எழுதினேன். மேலே நீங்கள் படித்தது அதுதான். ஊருக்கு அலமேலு அம்மா சொல்லாமல் விட்டதை நானே சொல்லியாயிற்று. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு பழக்கம்தான். எழுதியவன் படிக்கக் கூடாது, யாரைப் பற்றி எழுதியிருக்கிறதோ அவர்கள் படிக்க நாம் கேட்க வேண்டும்.

பவித்ரா முதல் வரியிலிருந்து கடைசி வரை மறுபடி சத்தமாகப் படித்தாள். எங்கும் நிற்கவில்லை. முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப போடுங்க சார்" என்றாள். போட்டேன்.